ஆறாப்புக்கு கேர்ள்ஸ் ஸ்கூல் தேடுறீங்களா? வில்லாபுரத்துல இருந்து எங்க அனுபவம்

எங்க மூத்தவ இப்ப எட்டாவது படிக்கிறா. இந்த வருசம் எங்க தெருவுலயே அஞ்சாவது முடிக்கிற பொம்பளப் பிள்ளைக நாலஞ்சு பேரு இருக்காங்க, அதனால என்கிட்ட ஜாக்கெட் தைக்கக் குடுக்க வர்றவங்க அளவு குடுத்துட்டு அப்படியே உக்காந்து "மதினி, எந்த ஸ்கூல் நல்ல ஸ்கூல்"னு ஆரம்பிச்சிடுறாங்க. அந்தக் கேள்வியே சரியில்லன்னுதான் நான் சொல்லுவேன். மதுரையில நல்ல ஸ்கூலுக்கா பஞ்சம்? நம்ம பிள்ளை நம்ம வீட்டுல இருந்து கிளம்பி, மழையோ வெயிலோ வயித்து வலியோ, ஏழு வருசம் போயிட்டு வரக்கூடிய ஸ்கூல் எதுன்னு கேளுங்க, அதுக்கு பதில் உண்டு. ஆறாப்பு சேக்குறதுன்னா பன்னெண்டாவதுக்கும் சேத்து முடிவு பண்றதுதான், அது அப்ப யாருக்கும் உறைக்கிறதில்ல.

எங்க வீட்டு நிலவரம் சொல்லிடுறேன், அப்பதான் புரியும். வீட்டுக்காரர் கீழமாசி வீதியில மளிகை மொத்தக் கடையில கணக்கு பாக்குறாரு, நான் வீட்டுல தையல். பாப்பா பக்கத்துல ஒரு நர்சரி பிரைமரி ஸ்கூல்ல இங்கிலீஷ் மீடியம் படிச்சா, அது அஞ்சாவதோட முடிஞ்சிரும். அப்பத்தாவுக்கு ஒரே பிடி, பொம்பளப் பிள்ளைக மட்டும் படிக்கிற பள்ளிக்கூடமா இருக்கணும். இவருக்கு பேர் போன எய்டெட் ஸ்கூல், அதாவது அரசு உதவி பெறும் பள்ளி, ஓ.சி.பி.எம்., செயின்ட் ஜோசப்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு, அவங்க அக்கா அந்த மாதிரி ஸ்கூல்ல படிச்சு டீச்சர் ஆனவங்க. எங்கண்ணன் போன்லயே மெட்ரிக்ல போடு, சிபிஎஸ்இ-ல போடுன்னு, பணம் அவரா கட்டப் போறாரு. நான் திருமங்கலம் பக்கம் அரசு பெண்கள் பள்ளியில தாவணி போட்டுப் படிச்சவ, எனக்கு அரசுப் பள்ளின்னா முகம் சுளிக்கத் தோணாது. ஆனா அதுக்காக கண்ண மூடிட்டு சேக்கவும் மனசு வரல.

கேர்ள்ஸ் ஸ்கூல்தான்னு முடிவானதும் எங்க முன்னாடி ரெண்டு வழி இருந்துச்சு. ஒண்ணு எய்டெட் ஸ்கூல், இன்னொண்ணு மாநகராட்சி பெண்கள் மேல்நிலைப் பள்ளி. நம்ம மாநகராட்சிப் பள்ளிகளுக்கு என்ன அழகா பேர் வச்சிருக்காங்க பாருங்க, ஔவை, காக்கைபாடினியார், பொன்முடியார், வெள்ளிவீதியார்னு எல்லாமே சங்க காலத்துல பாட்டு எழுதின பொம்பளைங்க பேரு. இத்தன வருசமா இந்த ஊர்ல இருக்குற எனக்கே பாப்பாவுக்கு ஸ்கூல் தேடுறப்பதான் இது கண்ணுல பட்டுச்சு.

எய்டெட்னு சொன்னா எல்லாமே ஃப்ரீன்னு நினைச்சுட்டுப் போறாங்க. தமிழ் மீடியம் அப்படித்தான், டீச்சருக்கு சம்பளம் கவர்மெண்ட் குடுக்குது, பீஸ் பெருசா இருக்காது. ஆனா நிறைய எய்டெட் ஸ்கூல்ல இங்கிலீஷ் மீடியம் செக்ஷன் சுயநிதிப் பிரிவா நடக்குது, ஒரே காம்பவுண்டு, ஒரே யூனிஃபார்ம், ஆனா அதுக்கு பீஸ் உண்டு. அப்ளிகேஷன் வாங்குற அன்னிக்கே "இந்த செக்ஷன் எய்டெட்டா, சுயநிதியா"ன்னு வாய் விட்டுக் கேட்டுருங்க, ஆபீஸ்ல சிரிச்சாலும் பரவால்ல. பணம் கட்டுனா ரசீது கேளுங்க. நன்கொடைன்னு சொல்லி ரசீது இல்லாம வாங்குற எடத்துல நாங்க அப்படியே எந்திரிச்சு வந்துட்டோம், அந்த ஸ்கூல் பேரு இங்க வேணாம்.

அதே மாதிரி டெஸ்ட். ஒரு எடத்துல பிள்ளைகள மட்டும் உள்ள கூப்பிட்டு வச்சு கணக்கு, இங்கிலீஷ் பேப்பர் குடுத்தாங்க, நாங்க வெளிய வேப்ப மரத்தடியில நிக்கிறோம். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி எட்டாவது வரைக்கும் சேக்குறதுக்கு பிள்ளைக்கோ பெத்தவங்களுக்கோ டெஸ்ட் வைக்கக் கூடாது. ஆனா சிறுபான்மையினர் நடத்துற ஸ்கூலுக்கு அந்தச் சட்டம் பொருந்தாதுன்னு 2014-ல சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு, மதுரையில பழைய எய்டெட் கேர்ள்ஸ் ஸ்கூல்ல நிறைய மிஷன் ஸ்கூல்தானே, அதனால அங்க போய் சட்டம் பேசுனா எடுபடாது. தெரிஞ்சு வச்சுக்கங்க, அவ்வளவுதான்.

இப்ப முக்கியமான சங்கதி. டாக்டர் படிப்புக்கு அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீதம் உள்ஒதுக்கீடு 2020-ல வந்துச்சு, அடுத்த வருசம் இன்ஜினியரிங், அக்ரி மாதிரி படிப்புக்கும் வந்துச்சு. அதுல சீட் கிடைச்சா பீசயும் கவர்மெண்டே கட்டுது. ஆனா ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்சிருக்கணும், மாநகராட்சிப் பள்ளியும் அதுல சேத்தி, எய்டெட் சேத்தி இல்ல. "ரெண்டு வருசம் மெட்ரிக்ல படிக்கட்டும், எட்டாவதுல மாத்திக்கலாம்"னு எங்க மச்சான் ஒருத்தர் பொண்ண விட்டு வச்சிருந்தாரு, இப்ப அந்தப் பிள்ளை எவ்வளவு நல்லாப் படிச்சாலும் அந்தக் கதவு மூடியாச்சு. காலேஜ் போற பொண்ணுக்கு மாசம் 1000 ரூபாய் குடுக்குற புதுமைப் பெண் திட்டம் 2022-ல ஆரம்பிச்சப்ப அரசுப் பள்ளியில ஆறுல இருந்து படிச்சவங்களுக்கு மட்டும்தான், அப்புறம் எய்டெட்ல தமிழ் மீடியம் படிச்சவங்களயும் சேத்தாங்க. எய்டெட் இங்கிலீஷ் மீடியம்னா கிடையாது. நம்ம பிள்ளை டாக்டராகும் ஆகாது அது வேற, ஆனா பதினோரு வயசுலயே அந்த வழிய அடைக்கிறோமா தொறந்து வைக்கிறோமான்னு தெரிஞ்சுக்கிட்டு செய்யணும்ல.

இவர் இதெல்லாம் கேட்டுட்டு "இருந்தாலும்"னு இழுத்தாரு. அந்த இருந்தாலும்-க்கு விடை பாத்ரூம்ல கிடைச்சுச்சு, சிரிக்காதீங்க. பொம்பளப் பிள்ளைக்கு ஸ்கூல் பாக்கப் போனா ஹெச்.எம். ரூம்ல மாட்டியிருக்குற ரிசல்ட் போர்ட பாத்துட்டு வராதீங்க, பாத்ரூமப் பாருங்க, அதுவும் காலையில போகாம மத்தியானம் சாப்பாட்டு பெல் முடிஞ்சு போங்க. குழாய்ல தண்ணி வருதா, கதவுக்கு உள்தாழ்ப்பா இருக்கா, நாப்கின் போட டப்பாவோ எரிக்கிற மெஷினோ இருக்கா, அந்த மெஷின் ஓடுதா இல்ல சும்மா நிக்குதா. ஏன்னா பாத்ரூம் சரியில்லன்னா இந்தப் பிள்ளைக என்ன பண்ணும்னா காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் தண்ணியே குடிக்காம அடக்கிட்டு வரும், அப்புறம் நீர்க்கடுப்பு, காய்ச்சல், லீவு. என் காலத்துல நான் அப்படித்தான் படிச்சு முடிச்சேன், வீட்டுக்குள்ள வந்ததும் பைய வீசிட்டு ஓடுவேன். நாங்க பாத்ததுல ஒரு பெரிய ஸ்கூல்ல "பேரன்ட்ஸ அங்கிட்டெல்லாம் விடுறதில்லம்மா"ன்னுட்டாங்க. மாநகராட்சி ஸ்கூல் ஹெச்.எம். "தாராளமா பாருங்கம்மா, ஒரு குழாய் ரிப்பேரு, சொல்லியிருக்கோம்"னு அவங்களே கூட்டிட்டுப் போனாங்க. ரிப்பேருன்னு மறைக்காம சொன்னாங்க பாருங்க, எனக்கு அங்கயே பாதி மனசு வந்துருச்சு. பள்ளி மேலாண்மைக் குழுவுல அம்மாமார்தான் அதிகம், குழாய் போச்சுன்னா கூட்டத்துல எந்திரிச்சுக் கேக்கலாம், நானும் கேட்டிருக்கேன்.

அடுத்து வழி. இவர் ஆசப்பட்ட ஸ்கூல் வைகைக்கு அந்தக் கரையில. வில்லாபுரத்துல இருந்து தெற்குவாசல் பாலத்துல ஊர்ந்து பெரியார் பஸ் ஸ்டாண்ட் போய், அங்க எறங்கி இன்னொரு பஸ் புடிச்சு கோரிப்பாளையம் நெரிசலத் தாண்டிப் போகணும். டவுன் பஸ் பொம்பளைங்களுக்கு 2021-ல இருந்து ஃப்ரீ, பிள்ளைகளுக்கு பாஸும் உண்டு, காசு பிரச்சன இல்ல. பிரச்சன ரெண்டாவது பஸ்தான். ஆறாவதுல நாமளே கொண்டு போய் விட்டுருவோம், பத்தாவதுல ஸ்பெஷல் கிளாஸ்னு ஆறு மணி வரைக்கும் வைப்பாங்களே, கார்த்திகை மார்கழியில ஆறு மணிக்கே இருட்டிரும், அப்ப அந்தப் பிள்ளை ரெண்டாவது பஸ்ஸுக்கு பெரியார்ல தனியா நிக்கணுமான்னு கேட்டேன், இவர் பேசல. இந்த மாநகராட்சி ஸ்கூல்னா ஒரே பஸ், பஸ் கிடைக்கலன்னா இவர் கடையில இருந்து டிவிஎஸ்-ல வந்து கூட்டிட்டு வந்துருவாரு. அதோட முடிஞ்சுச்சு பேச்சு. மே மாசமே அவளக் கூட்டிட்டு பஸ்ல போய் எறங்கிப் பழக்குனோம், எந்த ஸ்டாப்புக்கு முந்தி எந்திரிச்சு வாசலுக்கு வரணும், ஸ்டாப்ப விட்டுட்டா என்ன பண்ணணும், போன் நம்பர் மனப்பாடமா தெரியுதா. சாயங்காலம் ஒரு வாட்டி, கூட்டத்துலயும் பழக்குங்க, ஞாயித்துக்கிழம காலிப் பஸ்ல போய்ட்டு வந்தா பழக்கம் ஆகாது.

இன்னொண்ணு கேக்க மறந்துராதீங்க, பதினொண்ணாவதுல என்னென்ன குரூப் இருக்கு, எந்த மீடியத்துல இருக்குன்னு. சில ஸ்கூல்ல பத்தாவது வரைக்கும் இங்கிலீஷ் மீடியம் இருக்கும், மேல பயாலஜி குரூப் தமிழ்ல மட்டும் இருக்கும், இல்ல கம்ப்யூட்டர் சயின்ஸே இருக்காது. "அதுக்கு இன்னும் அஞ்சு வருசம் இருக்கே"ம்பாங்க, அஞ்சு வருசம் கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள ஓடிரும்.

பேப்பர் விசயத்துல எங்களுக்கு அலைச்சல் குடுத்தது பேருதான். பொறப்பு சர்டிபிகேட்ல ஒரு ஸ்பெல்லிங், ஆதார்ல ஒரு ஸ்பெல்லிங், பழைய ஸ்கூல் எமிஸ்ல, அதான் பிள்ளைக விவரம் ஏத்துற கவர்மெண்ட் கம்ப்யூட்டர் பதிவுல, இனிஷியல் பின்னாடி. பத்தாவது சர்டிபிகேட்டுக்கு பேரு எமிஸ்ல இருந்துதான் போகுது, அதனால அஞ்சாவதுலயே சரி பண்ணிருங்க. அஞ்சு வயசுக்கு மேல ஆதார்ல கைரேகை, கண்ணு புதுப்பிக்கணும், நிறைய பேரு அத செஞ்சிருக்க மாட்டாங்க, அப்புறம் ஸ்காலர்ஷிப் பணம் ஏறாம நிக்கும்போது தேடுவாங்க. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் ரெண்டும் இ-சேவையில முன்னாடியே போட்டு வைங்க, மே ஜூன்ல கூட்டம் அள்ளும். டிசி வாங்கும்போது பழைய ஸ்கூல்ல எமிஸ்ல இருந்தும் பேர விடுவிச்சாங்களான்னு கேளுங்க, பேப்பர கையில குடுத்துட்டு கம்ப்யூட்டர்ல விடாம வச்சிருந்தா புது ஸ்கூல்ல ஏத்த முடியாது.

சேத்தாச்சு. ஜூன்ல ஸ்கூல் தொறந்துச்சு. மொத வாரம் புது யூனிஃபார்ம், ரெட்டச் சட, மடிச்சுக் கட்டுன ரிப்பன்னு குஷியாப் போனா. அப்புறம்தான் கதையே. நர்சரி ஸ்கூல்ல ஒரே மிஸ், இங்க பாடத்துக்கு ஒரு டீச்சர், பெல்லு அடிச்சா ஆளு மாறுது, யாருக்கும் இவ பேரு தெரியல. அங்க இவதான் ஃபர்ஸ்ட்டு, இங்க மொத டெஸ்ட்ல தமிழ்ல ஃபெயில். இங்கிலீஷ் மீடியம்னு பேரு பண்ணி தமிழ சரியாச் சொல்லிக் குடுக்காம அனுப்பியிருக்காங்க, ர, ற எங்க வரும்னு கூடத் தெரியல. ராத்திரி நான் மிஷின்ல தச்சுட்டு இருக்கும்போது பக்கத்துல உக்காந்து தினத்தந்தி வாசிக்கச் சொன்னேன், மொத சினிமாப் பக்கம், அப்புறம் விபத்து, அப்புறம் எல்லாம். அது ஒண்ணுதான் செஞ்சோம், டியூசன் இல்ல, அரப்பரீட்சைக்குள்ள தேறிட்டா.

திங்கக்கிழம ஆனா வயித்து வலி. இது நிறைய வீட்டுல நடக்கும், பயப்படாதீங்க, ஆனா நடிப்புன்னு அடிக்கவும் செய்யாதீங்க. டாக்டர்ட்ட ஒரு வாட்டி காட்டிட்டு, ஒண்ணுமில்லன்னு தெரிஞ்சதும், நான் வேற மாதிரி கேக்க ஆரம்பிச்சேன். "இன்னிக்கு என்ன படிச்ச"ன்னு கேட்டா "ஒண்ணுமில்ல"ன்னு வரும். "இன்னிக்கு யாரு கூட சாப்ட்ட"ன்னு கேட்டேன், அழுதுட்டா.

பையங்க சண்டன்னா சட்ட கிழியும், நமக்குத் தெரிஞ்சிரும். பொம்பளப் பிள்ளைக சண்ட சத்தமே வராது, வட்டமா உக்காந்து டிபன் பாக்ஸ் தொறக்கும்போது ஒருத்திக்கு எடம் விடாம நெருக்கி உக்காருவாங்க, அவ்வளவுதான். இவ கூட சேந்த பிள்ளைக மூணு பேரு ஒரே பிரைமரி ஸ்கூல்ல இருந்து வந்தவங்க, அவங்களுக்குள்ள அஞ்சு வருசப் பழக்கம். இவ தனியா படிக்கட்டுல உக்காந்து சாப்பிட்டுட்டு இருந்திருக்கா. இவர் உடனே அந்தப் பிள்ளை அப்பாகிட்ட பேசுறேன்னு கிளம்பிட்டாரு, நான்தான் விடல, பெத்தவங்க பேசுனா மறுநாள் அது "இவ போட்டுக் குடுக்குறவ"ன்னு ஆயிரும். கிளாஸ் டீச்சர்ட்ட போய், யாரு பேரும் சொல்லாம, "பாப்பா தனியா இருக்கா டீச்சர்"னு மட்டும் சொன்னேன். அவங்க பெரிசா ஒண்ணும் பண்ணல, பெஞ்ச மாத்தி உக்கார வச்சாங்க, பி.இ.டி. டீச்சர்கிட்ட சொல்லி கோ-கோ ஆட விட்டாங்க. கோ-கோ டீம்ல பி செக்ஷன், டி செக்ஷன், ஏழாவது அக்காமார்னு எல்லாரும் கலந்து இருப்பாங்க. தீபாவளிக்குள்ள வீட்டுக்கு வந்தா வாய் ஓயல. நம்ம பிள்ளைக்கு கிளாசுக்கு வெளிய ஒரு கூட்டம் வேணும், கோ-கோவோ ஜூனியர் ரெட் கிராஸோ (ஜேஆர்சி) கைட்ஸோ ஏதோ ஒண்ணு. கிளாசுக்குள்ள மட்டும் பிழைக்கணும்னா கஷ்டம்.

இன்னொண்ணும் அவ சொல்லித்தான் தெரிஞ்சுக்கிட்டேன். பிரேயர்ல தெனம் ஒருத்தி மயங்கி விழுவாளாம். சிம்மக்கல்லுல ஆதிமூலம் ஸ்கூல்லதான் 2022-ல முதலமைச்சர் காலை உணவுத் திட்டத்த ஆரம்பிச்சு வச்சாரு, நம்ம ஊருக்குப் பெருமதான், ஆனா அது அஞ்சாவதோட நின்னுருது. அஞ்சு வரைக்கும் ஸ்கூல்ல பொங்கலோ உப்புமாவோ சாப்ட்டுப் பழகுன பிள்ளை ஆறாவதுல வெறும் வயித்தோட வருது, வீட்டுலயும் காலையில ஆக்குற பழக்கம் விட்டுப் போயிருக்கும். மத்தியானம் சத்துணவு முட்டையோட உண்டு, காலைக்கு நாமதான் பாத்துக்கணும். வாரம் ஒருக்கா இரும்புச்சத்து மாத்திர குடுப்பாங்க, அதயும் வெறும் வயித்துல போட்டா குமட்டும், அந்தக் கிழமை கண்டிப்பா சாப்ட்டு அனுப்புங்க.

ஏழாவதுல வயசுக்கு வந்தா. ஸ்கூல்லயே. பக்கத்துல இருந்த பிள்ளைதான் பாத்து டீச்சர்ட்ட சொல்லியிருக்கு, டீச்சர் நாப்கின் குடுத்து, ஆயாம்மாவ கூட உக்கார வச்சு, எனக்கு போன் பண்ணாங்க. நான் போறப்ப இவ சாதாரணமா வாழப்பழம் தின்னுட்டு இருக்கா. கூடப் படிக்கிற பையன் சிரிப்பானோன்னு ஒரு பயம் அங்க இல்ல, கேர்ள்ஸ் ஸ்கூல்ல சேத்ததுக்கு அன்னிக்கு ஒரு நாள் போதும் எனக்கு. ஆனா வீட்டுல அப்பத்தா பதினாறு நாள் வெளிய விடக் கூடாதுன்னு குச்சு கட்டாத குறையா நின்னாங்க. பரீட்சை வேற பக்கத்துல. கிளாஸ் டீச்சர் "அத்தைகிட்ட நான் பேசுறேன், போனப் போடுங்கம்மா"ன்னு அவங்களே பேசுனாங்க, ஒரு வாரத்துல அனுப்பிட்டோம். சடங்கு வைகாசி லீவுல வச்சுக்கிட்டோம், மாமன் சீர் எல்லாம் குறையில்லாம வந்துச்சு, அப்பத்தாவுக்கும் சந்தோசம். அஞ்சாவது லீவுலயே இத பத்தி பிள்ளைகிட்ட பேசிருங்க, பைக்குள்ள ஒரு நாப்கினும் ஒரு உள்ளாடையும் பேப்பர்ல சுத்தி வச்சு விடுங்க, ஆறாவதுலயே நிறைய பிள்ளைக ஆயிருதுக. அதே மூச்சுல பஸ்ல எவனாச்சும் உரசுனா, ஸ்கூல்ல யாராச்சும் தப்பா நடந்தா மொத என்கிட்ட சொல்லு, நான் திட்ட மாட்டேன்னும் சொல்லிருங்க. குழந்தைகள் உதவி எண் 1098-ம் பள்ளிக் கல்வி உதவி எண் 14417-ம் எங்க வீட்டு ஃப்ரிட்ஜ்ல ஒட்டியிருக்கு.

கேர்ள்ஸ் ஸ்கூல்ல போட்டா பிள்ளை பயந்து போயிரும், ஆம்பளப் பிள்ளைககிட்ட பேசத் தெரியாதுன்னு எங்கண்ணன் இன்னமும் சொல்லுவாரு. நான் பாத்தது வேற. பழைய ஸ்கூல்ல பெஞ்ச் தூக்கணும்னா பையங்கள கூப்பிடுவாங்க, மைக்ல பேசுறதும் பையன்தான், இவளுக்கு கோலம் போடுற வேல. இங்க பெஞ்ச் தூக்குறது, கொடி ஏத்துறது, மைக் செட்டுக்கு ஒயர் மாட்டுறது எல்லாம் இவங்களேதான், வேற ஆளு இல்லையே. போன சுதந்திர தினத்துக்கு பேசுனா, எங்க வீட்டுல யாரும் மேடை ஏறுனதில்ல. எங்க தெருப் பையங்களோட சைக்கிள் விடுறது, சண்ட போடுறதெல்லாம் அது பாட்டுக்கு நடக்குது. லேடி டோக், மீனாட்சி காலேஜ், பாத்திமான்னு காலேஜ் வரைக்கும் பொம்பளப் பிள்ளைகளாவே படிச்சு முடிக்க மதுரையில வழி இருக்கு, ஆனா இவ இன்ஜினியரிங்குனு இப்பயே சொல்லிட்டா, அங்க பெரும்பாலும் கலந்துதான் படிக்கணும், படிப்பா.

குறையும் இருக்கு, மறைக்க வேணாம். கிளாஸ்ல பிள்ளைக ஜாஸ்தி, நோட்டு திருத்தி வர லேட்டாகுது, கணக்கு டீச்சர் மாறுதல்ல போயி ரொம்ப நாள் ஆளே வரல, அந்த நேரம் பாப்பா அவ அத்த வீட்டுக்குப் போய் கத்துக்கிட்டா. இப்ப எட்டாவதுல என்எம்எம்எஸ்-னு மத்திய அரசு ஸ்காலர்ஷிப் பரீட்சைக்கு படிச்சுட்டு இருக்கா. அரசுப் பள்ளி, எய்டெட் ரெண்டுக்கும் உண்டு அது, பாஸாகி லிஸ்ட்ல வந்தா ஒன்பதுல இருந்து பன்னெண்டு வரைக்கும் வருசம் 12,000 ரூபாய் வரும், வீட்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்குள்ள இருக்கணும். ஸ்கூல்ல சாயங்காலம் தனியா உக்கார வச்சு சொல்லித் தர்றாங்க, உங்க பிள்ளை ஸ்கூல்ல சொல்லித் தரலன்னா ஏழாவது லீவுலயே நீங்களா கேளுங்க.

சின்னவ இப்ப நாலாவது. அவளயும் அங்கயே போட்டுட்டா ஒரே பஸ், ஒரே யூனிஃபார்ம், அக்கா துணையிருப்பான்னு நாங்க கணக்குப் போட்டு வச்சிருந்தோம். அவ "அக்கா ஸ்கூல் வேணாம், எல்லாரும் உங்கக்கா மாதிரி ஏன் படிக்கலம்பாங்க"ன்னு சொல்லிட்டா. அவ சொல்றதும் நியாயம்தான். மீனாட்சியம்மன் கோயில் பக்கம் இன்னொரு ஸ்கூல இவர் விசாரிச்சுட்டு வந்திருக்காரு, அரசுப் பள்ளியில மார்ச்லயே சேக்க ஆரம்பிச்சிடுறாங்க, அதனால அவ அஞ்சாவது படிக்கிறப்ப பொங்கல் முடிஞ்சதும் ஒரு மத்தியானம் போய் குழாயத் திருகிப் பாத்துட்டு வரணும், இந்த வாட்டி அவளயும் கூட்டிட்டு.